விபுலாநந்த அடிகளும் உடனுழைத்தோரும்

ஈழநாட்டின் கீழ்கரையிலே, மட்டக்களப்பு வாவியை அடுத்த கல்லடி உப்போடையில், சிவானந்த வித்தியாலய வளவினுள்ளே விபுலாநந்த அடிகளின் சமாதி உளது. அவ்வழியாற் செல்லும் ஆசிரியருள் அதனைக் கண்டு ஒருகணம் நில்லாதார் சிலரே. அடிகளை யாழ்நூல் இயற்றிய பேரறிஞராகப் போற்றுவார் பலர்; பல்கலைக்கழகங்கள் இரண்டினுக்கு முதற்றமிழ்ப் பேராசிரியராயிருந்தவராகப் போற்றுவார் பலர்; துறவியாகப் பணிவாரும் உளர். பலரை ஒருங்கு கூட்டி ஒரு கருமத்தை முடிக்குந் திறம் அவர்பால் இருந்தது என்பதை எடுத்துச் சொல்வாரோ மிகச் சிலர். ஆசிரியர்களாகிய நமக்கு அவர் சரித்திரத்தில் இப்பகுதியே பெரிதும் வேண்டப்படுவது என்பது நமது துணிபு. யாழ்நூல் போல்வதொன்றை நம்முள் எழுதவல்லார் யாவர்? பத்துப்பேர் கூடிய ஒரு பாடசாலையில் ஒத்துழைத்தலோ நம்மெல்லார்க்கும் நாடோறும் விதிக்கப்பட்ட கருமமாம்.

இக்காலத்துப் பாடசாலைகள்தோறும், முன்வாயிலை அடுத்த சுவரிலே, தூரநோக்கு, பணிக்கூற்று என்னும் இரு தலைப்பின் கீழ்ச் சில வாக்கியங்கள் வர்ணத்தால் எழுதப்பட்டிருத்தலைக் காண்கின்றோம். சித்தாண்டியில் வேலாயுதப் பெருமான் சந்நிதியிலிருந்து புறப்பட்டுத் திருகோணமலைப் பெருவழியால் மட்டக்களப்பு நகர் சேர்வார் அத்தகைய சுவர்கள் பலவற்றைக் கடப்பர். எழுதுதல் நன்றே. ஆயின் அச்சுவருக்குப் பின்னேயுள்ள ஆசிரியர் அறையிலே ஒருவர் இடமாற்றக் கடிதத்தை எதிர்பார்த்திருப்பர்; ஒருவர் பதவியுயர்வுக்குரிய புள்ளிகளை எண்ணியிருப்பர்; கணிதங் கற்பிப்பார் சமயங் கற்பிப்பாரோடு பேசுதலை விட்டு இரண்டு தவணை சென்றிருக்கும். நாம் பணியாற்றிய ஒரு பாடசாலையில், சுவரில் எழுதிய அவ்வாக்கியம் யாதென்று வினவியபோது, வெளியே சென்று பாராமற் சொல்லவல்லார் ஒருவரும் இலராயினர். அவர்களெல்லாம் தத்தம் பாடத்தில் வல்லுநரே. ஒருவருக்கும் மற்றவர் எதற்காக உழைக்கின்றார் என்பது தெரியாதிருந்தது, அவ்வளவே குறை. இந்நிலையை மனத்துட் கொண்டே அடிகளின் வாழ்வைச் சொல்லப் புகுகின்றோம்.

அடிகள் 1892 ஆம் ஆண்டு பங்குனித் திங்களிலே, இக்காலத்து அம்பாறை மாவட்டத்துள் அடங்கிய காரைதீவிற் பிறந்தார். தந்தையார் சாமித்தம்பி, தாயார் கண்ணம்மையார். பிள்ளைத் திருநாமம் மயில்வாகனன் என்பது. ஊரிலே குஞ்சித்தம்பி உபாத்தியாயரிடத்தும் வைத்தியலிங்க தேசிகரிடத்தும் தமிழ் கற்று, கல்முனை மெதடிஸ்த பாடசாலையிலும், பின் மட்டக்களப்பிலே யேசுசபைக் குருமார் நடாத்திய புனித மிக்கேல் கல்லூரியிலும் ஆங்கிலக் கல்வி பெற்றார். மிக்கேல் கல்லூரியிலே பொனெல் பாதிரியார் என்னும் கணிதவல்லுநர் அவருக்கு ஆசிரியராய் வாய்த்தனர். 1908 ஆம் ஆண்டிலே கேம்பிரிட்ஜ் சீனியர் பரீட்சையிற் சித்தியெய்தியபோது அவருக்கு வயது பதினாறு.

இவ்விடத்து ஒன்று சொல்லவேண்டும். மிஷன் பாடசாலையிற் கற்ற சைவர் இருதிறப்படுவர். அங்குப் பெற்றதனைப் பெற்றவிடம் மறந்து அவரைப் பழித்தே காலங் கழிப்பார் ஒருதிறத்தார். பெற்றதனை நன்றியோடு ஏற்று, அதே ஒழுங்கையும் உழைப்பையும் தம்மவர்க்கும் உண்டாக்க முயல்வார் மற்றொரு திறத்தார். நாமும் மிஷன் பாடசாலையிற் கற்றோமாகலின் இவ்வேறுபாட்டை நன்கறிவோம். ஒரு பாதிரியார் ஒரு நிலையத்தை விட்டுச் செல்ல மற்றொருவர் வந்து அவர் விட்ட இடத்திலிருந்தே தொடங்குதலும், சமையற்கட்டு முதல் விஞ்ஞானசாலை வரை ஒரே ஒழுங்கின்கீழ் நடைபெறுதலும், அவ்விடங்களிலே பயின்றார் கண்ணிற் படாதிரா. மயில்வாகனனார் கற்றது கணிதம் மாத்திரமன்று; ஒரு கூட்டத்தார் ஒரு நோக்குடையராயின் யாது செய்யலாகும் என்பதையும் அங்கேயே கண்டார் என்று நாம் கருதுகின்றோம்.

அவருடைய உத்தியோக வரலாற்றை விரைந்து கூறுவாம். தாம் கற்ற மிக்கேல் கல்லூரியிலே சிலகாலங் கற்பித்தார். 1911 ஆம் ஆண்டு கொழும்பு சென்று ஆசிரியப் பயிற்சி பெற்றார். 1915 ஆம் ஆண்டு அரசினர் தொழில்நுட்பக் கல்லூரியிற் சேர்ந்து, மறுவாண்டு விஞ்ஞான டிப்ளோமாப் பெற்றார். அதே 1916 ஆம் ஆண்டில் மதுரைத் தமிழ்ச்சங்கத்துப் பண்டித பரீட்சையிலும் தேறினார்; ஈழநாட்டிலிருந்து அப்பரீட்சையிற் றேறியவருள் அவரே முதல்வர் என்ப. 1917 ஆம் ஆண்டு யாழ்ப்பாணம் சம்பத்திரிசியார் கல்லூரியில் இரசாயன ஆசிரியரானார். 1920 ஆம் ஆண்டு இலண்டன் பல்கலைக்கழகத்து விஞ்ஞானப் பட்டம் பெற்று, மானிப்பாய் இந்துக் கல்லூரிக்கு அதிபரானார். அப்பொழுது அவருக்கு வயது இருபத்தெட்டு.

இருபத்தெட்டு வயதில் விஞ்ஞானப் பட்டமும் பண்டிதப் பட்டமும் ஒருங்கே உடையார் ஒருவர்க்கு அக்காலத்தில் எத்துணை வழிகள் திறந்திருந்தன என்பதை நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும். அரசாங்க உத்தியோகத்தில் ஏறுதற்கும், பெருஞ்சம்பளம் பெறுதற்கும், நல்ல சீதனத்தோடு இல்லறம் புகுதற்கும் யாதொரு தடையுமில்லை. உறவினர் அவற்றை எதிர்பார்த்திருத்தலும் இயல்பே. ஆயின் யாழ்ப்பாணத்தில் இருந்தபோதே அவர் மனம் வேறொரு வழியிற் செல்லத் தொடங்கிவிட்டது. 1897 ஆம் ஆண்டு தை மாதத்திலே விவேகாநந்த சுவாமிகள் மேனாட்டிலிருந்து மீண்டு கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் சொற்பொழிவாற்றிச் சென்ற பின், அவ்வெழுச்சி இந்நாட்டில் முற்றும் அணைந்ததில்லை. சென்னை இராமகிருஷ்ண மடத்துச் சர்வாநந்த சுவாமிகளின் தொடர்பு மயில்வாகனனார்க்குக் கிடைத்தது. வண்ணார்பண்ணை வைத்தீசுவர வித்தியாலயம் மிஷன் பொறுப்பில் நடந்துகொண்டிருந்தமையும் அவர் கண்முன்னே நின்றது.

1922 ஆம் ஆண்டு அதிபர் பதவியைத் துறந்து மயிலாப்பூர் மடத்திற் சேர்ந்தார். பிரபோத சைதந்யர் என்னும் பெயரோடு பிரமசரிய விரதம் பூண்டு, இராமகிருஷ்ண விஜயம், வேதாந்த கேசரி என்னும் பத்திரிகைகளில் உழைத்தார். 1924 ஆம் ஆண்டு சித்திரைப் பூரணையிலே, மிஷனின் தலைவராயிருந்த சிவாநந்த சுவாமிகள் அவருக்குச் சந்நியாசம் அளித்து விபுலாநந்தர் என்னுந் திருநாமத்தையுஞ் சூட்டினர். கல்லடி வித்தியாலயம் பூண்ட பெயர் இக்குருநாதருடையதே. ரிஷிகேசத்துச் சிவாநந்தர் பெயரென்று கொள்வார் நம் மாணவருள் மாத்திரமன்று, ஆசிரியருள்ளும் உளராகலின் இதனை ஈண்டுக் குறித்தோம். அவ்வாண்டிலேயே மதுரைத் தமிழ்ச்சங்கத்துக் கூட்டத்திலே செகசிற்பியாரின் நாடகங்களைக் குறித்து அடிகள் ஆற்றிய சொற்பொழிவு விரிந்து, 1926 ஆம் ஆண்டிலே மதங்கசூளாமணி என்னும் நூலாயிற்று.

1925 ஆம் ஆண்டு அடிகள் ஈழநாட்டுக்கு மீண்டு மிஷன் பாடசாலைகளின் பொறுப்பை ஏற்றார். திருகோணமலை இந்துக் கல்லூரியில் அதிபராகவும் அமர்ந்தார். காரைதீவிலே பெண்களுக்கென ஒரு வித்தியாசாலை எழுந்தது. மட்டக்களப்பின் கிராமங்கள் பலவற்றில், ஊரார் தொடங்கி நடாத்த இயலாது தளர்ந்த சைவப் பாடசாலைகள் மிஷனைச் சார்ந்தன. 1929 ஆம் ஆண்டிலே கல்லடி உப்போடையிற் சிவானந்த வித்தியாலயம் திறக்கப்பட்டது.

அக்காலத்து நிலையை இளைய ஆசிரியர் அறிதல் அரிது. அரசாங்கத்தின் உதவிநன்கொடை பெறும் பாடசாலைகளாகலின் ஆசிரியர் சம்பளத்துக்கு அரசாங்கத்திலிருந்து பணம் வரும். அது வருதற்கு மாணவர் தொகையும் வரவும் பரிசோதகர் மதிப்பும் ஒழுங்காயிருத்தல் வேண்டும். கட்டடம், தளபாடம், விடுதியிலுள்ள பிள்ளைகளின் சோறு என்பவற்றை முகாமையாளரே தேடவேண்டும். நெல் அறுவடை பிழைத்த ஆண்டிலே பிள்ளைகளின் வரவு குறையும்; வரவு குறையின் நன்கொடை குறையும். ஆகவே முகாமையாளர் ஒருவர் தனித்து நின்று ஒன்றுஞ் செய்தல் ஆகாது. நிலமுடையார் நிலமும், வயலுடையார் நெல்லும், கைத்தொழிலாளர் கூலியில்லா உழைப்பும் ஈயாவிடின் பாடசாலை எழாது. ஆசிரியர் வீடுதோறுஞ் சென்று பிள்ளைகளை அழையாவிடின் எழுந்தும் பயனில்லை.

இத்தனை பேரையும் அடிகள் எதனாற் கட்டினார்? சம்பளத்தால் அன்று, அவரிடத்திற் பணமில்லை. அதிகாரத்தாலும் அன்று, காவியுடுத்தார்க்கு ஊரில் அதிகாரம் ஏது? இரண்டு சிறிய கருத்துக்களை எல்லார்க்கும் விளங்க வைத்தார் என்றே நமக்குத் தோன்றுகின்றது. பிள்ளை தன் பெற்றோரின் சமயத்தைக் கைவிடாமலே உயர்ந்த கல்வியைப் பெறவேண்டும் என்பது ஒன்று. தமிழும் விஞ்ஞானமும் ஒரு பிள்ளையிடத்தில் ஒருங்கே நிற்கவேண்டும் என்பது மற்றொன்று. இவ்விரண்டும் நெல் கொடுத்த கமக்காரனுக்கும் விளங்கின. இரசாயனங் கற்பித்த பட்டதாரிக்கும் விளங்கின. முன்னவன் தான் கொடுத்த மூடை எதற்குச் சென்றது என்பதை அறிந்தான். பின்னவர் தாம் கற்பிக்கும் பாடத்துக்கும் பக்கத்து வகுப்பில் ஓதப்படும் தேவாரத்துக்கும் யாது தொடர்பு என்பதை அறிந்தார். நோக்கம் பெரிய சொற்களால் அமைந்திருப்பின் இது கூடியிராது. பெரிய சொற்களை எல்லாரும் ஏற்பர். ஏற்றபின் அவரவர் பொருளை அவரவர் கொள்வர்.

அந்நோக்கம் பகைமையின்மேற் கட்டப்பட்டதும் அன்று. பிற சமயத்தாரை எதிர்த்தற்கென்றே கூடிய கூட்டங்கள், எதிரி தளர்ந்தவிடத்துத் தாமுந் தளர்தலை நாம் நம் நாட்டிற் பலமுறை கண்டோம். அடிகளோ யேசுசபைக் குருமாரிடத்திற் கற்று அவர் கல்லூரியிலே கற்பித்தவர். அவ்வுறவை மறைத்தவருமல்லர், முறித்தவருமல்லர்.

1931 ஆம் ஆண்டு சிதம்பரத்தையடுத்த அண்ணாமலைப் பல்கலைக்கழகம் அடிகளைத் தன் முதற்றமிழ்ப் பேராசிரியராக அழைத்தது. அடிகள் சென்றார். வித்தியாலயம் தொடங்கி இரண்டாண்டே கழிந்த காலம் அது. இச்சரித்திரத்தில் நாம் மிகவும் ஊன்றி நோக்கவேண்டிய இடம் இதுவே. ஒரு பெரியார் தொடங்கிய பாடசாலை அவர் இருக்குமளவும் செழித்து, அவர் அகன்றவுடன் வாடுதல் உலக இயல்பு. அவ்வாறு வாடிய சைவப் பாடசாலைகளின் பெயர்களை நம் வாசகர் தாமே எண்ணிக்கொள்வர். கல்லடியிலோ அவ்வாறு நிகழ்ந்ததில்லை. அடிகள் 1933 வரை சிதம்பரத்தில் இருந்தார். 1939 ஆம் ஆண்டு மீண்டும் அகன்று இமயமலைச் சாரலிலே மாயாவதி ஆச்சிரமத்திற்குச் சென்று பிரபுத்த பாரதம் என்னும் ஆங்கிலப் பத்திரிகைக்கு ஆசிரியராயமர்ந்தார். அவ்வக்காலங்களிலெல்லாம் பாடசாலைகள் நடந்தன. அடிகளைப் பின்பற்றித் துறவு பூண்ட நடராஜாநந்த சுவாமிகள் பொறுப்பை ஏற்றுப் பலவாண்டு தாங்கினர்.

நடராஜாநந்த சுவாமிகளைக் குறித்து எழுதப்பட்டன சிலவே. அவர் பேராசிரியரல்லர்; ஆராய்ச்சி நூல் எழுதினாரல்லர். பரிசோதகர் வருமுன் பதிவேடுகளைச் சரிபார்த்தலும், கூரையொழுக்குக்கு ஓலை தேடுதலும், விடுதிப் பிள்ளைகளுக்குச் சோறு குறையாமற் பார்த்தலும் ஒத்த வேலைகளே முகாமையாளர்க்கு உரியன. அவை ஒருவர் பெயரை ஊரறியச் செய்வன அல்ல. அடிகளின் புகழாகிய கோபுரத்தின் கீழே அவர் அடித்தளமாய் மறைந்து நின்றார். இருவர்க்கும் நோக்கம் ஒன்றாயிருந்தமையின், ஒருவர் சிதம்பரத்திற் பேராசிரியராய் விளங்குதலும் மற்றொருவர் உப்போடையில் ஓலை தேடுதலும் ஒரே கருமத்தின் இரு கூறுகளாயின. அடிகள் அகன்றமை கைவிட்டுச் சென்றமையாக உப்போடையில் எண்ணப்படாமைக்கும் அதுவே காரணம்.

அண்ணாமலை நகரில் அடிகள் இருந்த காலத்தைச் சுருங்கக் கூறுவாம். பல்கலைக்கழகத்து அறிஞர் பலர் பாரதியாரைப் புலவரென ஒப்பத் தயங்கிய காலத்தில், அடிகள் அவர் பாடல்களை ஆராயவும் பரப்பவும் ஒரு கழகங் கூட்டினார். மாலைவேளைகளிலே அயலிலுள்ள திருவேட்களத்திற்குச் சென்று, அங்குத் தாழ்த்தப்பட்ட வகுப்பினர் வாழ்ந்த சேரியிலே பிள்ளைகளுக்குக் கற்பித்தார். பேராசிரியர் பதவி உயர்ந்தது, சேரிப் பள்ளி தாழ்ந்தது என்னும் எண்ணம் அவரிடத்தில் இருந்திருப்பின் இது நிகழ்ந்திராது. உப்போடைக்கு ஒரு நோக்கம், அண்ணாமலை நகருக்கு வேறொரு நோக்கம் என்று அவர் வைத்திருந்தாரில்லை.

கலைச்சொல்லாக்கம் என்னும் கருமத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்லவேண்டும். பலர் கூடிச் செய்யும் வேலையின் இடர்ப்பாடுகள் யாவும் அதிற் காணப்படும். விஞ்ஞானத்தைத் தமிழிலே கற்பித்தற்குச் சொற்கள் வேண்டும். சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கத்தார் 1934 ஆம் ஆண்டிலே இவ்வேலையை மேற்கொண்டு, துறைக்கொரு குழுவாக அறிஞரைக் கூட்டினர். இ. மு. சுப்பிரமணிய பிள்ளை அதில் அயராது உழைத்தவருள் ஒருவர். இக்குழுக்களிலே விஞ்ஞானம் அறிந்தார் பலர் தமிழிலக்கணம் அறியார். தமிழ்ப் புலவர் பலர் விஞ்ஞானம் அறியார். வடசொல்லைத் தழுவவேண்டும் என்பார் ஒருபுறம். தனித்தமிழே வேண்டும் என்பார் ஒருபுறம். ஆங்கிலச் சொல்லை அப்படியே ஒலிபெயர்க்கலாம் என்பார் மற்றொருபுறம். ஒவ்வொருவரும் தத்தங் கொள்கையே தமிழின் உயிர் என்று கருதுவாராயின் ஒரு சொல்லாவது முடிவுபெறுமோ?

1936 ஆம் ஆண்டு சென்னையிற் கூடிய சொல்லாக்க மகாநாட்டுக்கு அடிகளே தலைவராயினர். அத்தலைமைக்கு அவரைப்போற் பொருந்தினார் வேறொருவர் அக்காலத்தில் இருந்தாரென்று நாம் எண்ணவில்லை. இரசாயன ஆசிரியராயிருந்தவர்; மதுரைப் பண்டிதர்; வடமொழியும் வல்லவர். எக்கட்சியாரும் அவரைத் தம்மவரென்றே கொள்ளக்கூடும். அச்சபை தீர்க்கவேண்டிய வினா, எச்சொல் தூயது என்பதிலும், எச்சொல்லாற் பள்ளிப்பிள்ளை பொருளை உணரும் என்பதே. அவ்வினாவின் முன்னே கட்சி வாதம் தானே சிறுத்துவிடும். ஏறத்தாழப் பத்தாயிரஞ் சொற்கள் ஆராயப்பட்டு, 1938 ஆம் ஆண்டு நூலாய் வெளிவந்தன. அவற்றுள் எல்லாம் நிலைத்தன என்று சொல்ல வருவேமல்லேம். பல மாறின, சில மறைந்தன. ஆயினும் விஞ்ஞானத்தைத் தமிழிற் கற்பித்தல் இயலாது என்னும் வாதம் அதன்பின் வலியிழந்தது. பிற்காலத்தில் இலங்கையிலே விஞ்ஞான பாடங்கள் தாய்மொழியில் நடந்தபோது, அவ்வழி முன்னமே வெட்டப்பட்டிருந்தது.

1940களின் தொடக்கத்திலே அடிகள் இமயத்தினின்று மீண்டு ஊரிலிருந்தபோது நிகழ்ந்ததொன்றையும் ஈண்டுச் சேர்க்கின்றோம். 1942 ஆம் ஆண்டு, போர்க்காலத்து உணவுற்பத்தியின் பொருட்டு, ஏ. எம். ஏ. அஸீஸ் என்னும் இளைய சிவில் உத்தியோகத்தர் கல்முனைக்கு உதவி அரசாங்க அதிபராக அனுப்பப்பட்டார். வண்ணார்பண்ணையிற் பிறந்து, சிறுவயதில் வைத்தீசுவர வித்தியாலயத்திற் கற்ற முஸ்லிம் பெருமகனார் அவர். கல்முனைக்கு அயலதாகிய காரைதீவிலே அடிகளோடு பழகும் வாய்ப்பு அவருக்குக் கிடைத்தது. சைவப் பிள்ளைகளுக்கு அடிகள் செய்ததை முஸ்லிம் பிள்ளைகளுக்குத் தாம் செய்யவேண்டும் என்னும் எண்ணம் அவரிடத்தில் வளர்ந்தது. முதலிற் கல்முனையில் ஒரு கல்விச் சங்கமும், 1945 ஆம் ஆண்டில் இலங்கை முஸ்லிம் புலமைப்பரிசில் நிதியும் அவர் முயற்சியால் தோன்றின. பின்னர் அவர் கொழும்பு ஸாஹிராக் கல்லூரிக்கு அதிபருமாயினர். ஒருவருடைய நோக்கத்தை வேற்றுச் சமயத்தார் ஒருவர் கண்டு, அதனைத் தம்மவர்க்கு ஏற்ப அமைத்துக்கொள்ளுதல் எளிதில் நிகழ்வதன்று. இரு சமூகத்தாரும் வாவியின் இருகரையிலும் அடுத்தடுத்து வாழும் நம் நாட்டில் இதனைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தல் வேண்டும்.

1943 ஆம் ஆண்டு இலங்கைப் பல்கலைக்கழகத்து முதற்றமிழ்ப் பேராசிரியராக அடிகள் நியமனம் பெற்றார். பதவியை நாடாதிருந்தவர்க்குப் பதவிகள் தாமே வந்தன என்று பொதுவாகச் சொல்வர். நாம் அதனை அவ்வளவு எளிதாக ஏற்பதில்லை. பதவியை நாடாது வீற்றிருந்து, ஒன்றும் வாராது மறைந்த நல்லாசிரியர் நம்முள் ஆயிரவர். அடிகளுக்கு அவை வந்தமைக்குக் காரணம் ஆராயத்தக்கது. அவர் ஒரே நோக்கத்தோடு பல கூட்டத்தாரிடையே உழைத்தார். ஒவ்வொரு கூட்டத்தாரும் அவர் வேலையை அருகிருந்து கண்டனர். ஒரு கருமம் எழுந்தபோது அவரை நினைந்தனர். தனியே இருந்து விண்ணப்பம் எழுதுவார்க்கு இச்சாட்சிகள் இல்லை. உத்தியோகத்தில் முன்னேற விரும்பும் இளைய ஆசிரியர் விரும்புதல் குற்றமன்று. உடனுழைப்பார் கண்ட உழைப்பே உயர்ந்த நற்சான்றிதழ் என்பதை அவர் இங்கே காணலாம்.

ஆயினும் இதனைப் படிக்கும் முகாமையாளர்க்கும் அதிபர்க்கும் ஒரு சொல். நோக்கம் உயர்ந்ததென்று கூறி ஆசிரியரின் ஊதியத்தைக் குறைத்தலும், விடுமுறை நாளிலும் வேலை வாங்குதலும், கேட்டால் தொண்டென்று வாயடைத்தலும் எக்காலத்திலும் உள்ளன. துறவியாகிய அடிகள் தமக்கென ஒன்றும் வேண்டாதிருந்தார். அது அவர் எடுத்த விரதம். ஐந்து பிள்ளைகளையுடைய ஆசிரியரை அவ்விரதத்துக்கு ஆளாக்குதல் ஒருவர்க்கும் உரிமையன்று. பொது நோக்கம் என்பது எல்லாரும் அறிந்து ஒப்பியது. ஒருவர் வகுத்து மற்றவர் சுமப்பதற்கு வேறு பெயர் உண்டு.

சைவர் சிலர் மனத்திலுள்ள ஓர் ஐயத்தையும் மறைத்தல் வேண்டா. இராமகிருஷ்ண மிஷன் வேதாந்தச் சார்புடையது. நம் சபையார் சித்தாந்தச் சார்புடையார். மிஷன் துறவி ஒருவரைச் சைவப் பத்திரிகையிற் போற்றுதல் தகுமோ என்பது அவ்வையம். மட்டக்களப்பில் சைவப் பிள்ளைகளின் கல்வி தளர்ந்திருந்த காலத்திலே, அவர் கையிலே திருநீறும் வாயிலே திருமுறையும் நிலைக்கச் செய்த பாடசாலைகள் எவை என்பதை எண்ணுவார்க்கு ஐயம் நீங்கும். கொள்கை வேற்றுமை இருத்தலும், கருமத்தில் ஒற்றுமை இருத்தலும் ஒருங்கே இயலும் என்பதற்கு அடிகளின் பாடசாலைகளிற் பணியாற்றிய சித்தாந்த சைவர்களே சான்று. யாழ்நூலிலே தேவார இயல் என ஒரு பகுதியை அமைத்துத் திருமுறைப் பண்களை ஆராய்ந்த பெருந்தகையைச் சைவர் பிறர்க்கு விட்டுக்கொடுத்தல் நமக்கு உடன்பாடன்று.

யாழ்நூல் பதினான்கு ஆண்டு உழைப்பின் பயன் என்ப. சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையிற் சொல்லப்பட்ட இசைமுறைகளை உணர்தற்குத் தமிழ்ப் புலமை மாத்திரம் போதாது. நரம்பின் நீளத்துக்கும் சுருதிக்கும் உள்ள கணக்கை அறியப் பௌதிகமுங் கணிதமும் வேண்டும். அவ்விரண்டும் அடிகளிடத்தில் இருந்தன. ஆயின் வில்யாழ், பேரியாழ், மகரயாழ், செங்கோட்டியாழ், சகோடயாழ் என்பனவற்றின் அமைப்பை எழுத்திற் கண்டார்க்கு, அவற்றை மரத்திலும் நரம்பிலும் செய்து காட்டத் தச்சர் வேண்டும்; மீட்டிக் காட்ட இசைவாணர் வேண்டும்; அச்சிடப் பொருள் வேண்டும். புதுக்கோட்டையிலே சிதம்பரஞ் செட்டியார் என்னும் வள்ளல் அடிகளுக்கு இருக்கையும் பொருளும் உதவினர். கரந்தைத் தமிழ்ச்சங்கத்தார் நூலை வெளியிடும் பொறுப்பை ஏற்றனர். க. பொ. சிவானந்தம் பிள்ளை என்னும் இசைவாணர் ஆராய்ச்சியின்படி அமைந்த கருவிகளை மீட்டினர். ஊர் வேறு, தொழில் வேறு, வருமானம் வேறு ஆகிய இவர்களெல்லாம் அந்நூல் வெளிவரவேண்டும் என்பதொன்றிலே கூடினர். உடல்நலங் குன்றியிருந்த அடிகள் அதனை முடித்தமைக்கு இவர்களின் கைகளும் காரணம். மட்டக்களப்பு வாவியிலே நிலவு காலத்து இரவில் நீருள்ளிருந்து எழும் இசையைக் கேட்டு, நீரரமகளிர் இன்னிசைப் பாடல் பாடிய அடிகளின் செவி, அவர்கள் எல்லாரையும் அங்கே கொண்டு சேர்த்தது போலும்.

1947 ஆம் ஆண்டு ஜூன் மாதம் 5, 6 ஆந் தேதிகளிலே, சோழநாட்டுத் திருக்கொள்ளம்பூதூர்த் திருக்கோயிலில் யாழ்நூல் அரங்கேறிற்று. ஓடக்காரன் இல்லாத ஓடத்திலே திருஞானசம்பந்தப் பிள்ளையார் அடியார் கூட்டத்தோடு ஏறிப் பதிகம் பாட, அவ்வோடம் வெள்ளத்தைக் கடந்து கரைசேர்ந்த தலம் அது. ஆராய்ச்சியின்படி அமைத்த யாழ்கள் அச்சபையில் ஒலித்தன.

அதன்பின் ஆறு வாரமே அடிகள் இவ்வுலகில் இருந்தார். 1947 ஆம் ஆண்டு ஜூலை மாதம் 19 ஆந் தேதி கொழும்பிலே, ஐம்பத்தைந்தாம் வயதில், சிவபதம் அடைந்தார். திருமேனி மட்டக்களப்புக்குக் கொணரப்பட்டுச் சிவானந்த வித்தியாலய வளவிலே சமாதியில் வைக்கப்பட்டது. பத்திரிகைகளிலும் ஏடுகளிலும் சிதறிக் கிடந்த அவர் கட்டுரைகளைப் பின்னர் அருள் செல்வநாயகம் தேடித் தொகுத்து நூல்களாக்கினர்.

1960, 1961 ஆம் ஆண்டுச் சட்டங்களால் உதவிநன்கொடைப் பாடசாலைகள் அரசாங்கத்தின் வசமாயின. மிஷன் பாடசாலைகளும் அவற்றோடு சென்றன. இது கேடென்பாரும் நன்றென்பாரும் நம்முள் உளர். முகாமையாளர் மாறினர், பதிவேடுகள் மாறின, ஆசிரியரை இடமாற்றும் அதிகாரம் கொழும்புக்குச் சென்றது. பிள்ளைகள் அதே வாங்கில் இருந்து அதே பாடத்தைக் கற்றனர். கல்லடியிலுள்ள மாணவரில்லம் மிஷனிடத்திலேயே நின்றது. நாட்டிற் போர் நிகழ்ந்த நெடிய ஆண்டுகளிலும், 2004 ஆம் ஆண்டு மார்கழியிற் கடல் பொங்கிக் கல்லடிக் கரையை அழித்தபோதும், துணையற்ற பிள்ளைகளுக்கு உணவும் இடமும் அளித்தார் மிஷனைச் சார்ந்தோர். வித்தியாலயத்திலே இன்று கற்பிக்கும் ஆசிரியருள் அடிகளைக் கண்டார் ஒருவரும் இலர். நடராஜாநந்தரைக் கண்டாரும் இலர். காலை மணி அடித்தவுடன், சமாதியைக் கடந்து, அவர்கள் வகுப்புக்குச் செல்கின்றனர்.